கிரீடம் வாடகைக்கு

(இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ராஜா ராணி சீரியல்களைப் பற்றித்தான். ஓ.டி.டி. சந்தா கட்டியவர்கள் காசை விடமாட்டார்கள் போலிருக்கிறது!)

*எட்டாம் ஹென்றி குண்டு ஆசாமி என்றுதான் படித்திருக்கிறேன். 'தி டியூடர்ஸ்' தொடரில் கடைசிவரை ஜிம்முக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறாரே? – ஒரு வாசகர், கும்பகோணம்*

இளம் வயது ஹென்றி அப்படித்தான் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், குதிரையேற்றம், டென்னிஸ். வாலிபத்தில் அவருக்குச் செய்த இரும்புக் கவசத்தின் இடுப்பு 35 அங்குலத்தை ஒட்டி இருந்தது. 1540இல் செய்ததில் 50ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கவசம் இன்னும் லண்டன் டவரில் நிற்கிறது. நடுவில் நடந்தது இதுதான்: 1536இல் ஈட்டிப் போட்டியில் குதிரையிலிருந்து விழுந்தார். அதன்பிறகு காலில் ஆறாத புண். ஓட்டம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை.

2007 முதல் 2010 வரை நான்கு சீசன் ஓடிய அந்தத் தொடருக்கு இதையெல்லாம் காட்டத் தைரியமில்லை. ஜோனதன் ரீஸ் மேயர்ஸ் நரைத்தார், நொண்டினார். தொப்பை மட்டும் கடைசிவரை வரவில்லை. 1970இலேயே பி.பி.சி. துணிந்து செய்திருக்கிறது. ஆறு மனைவிகள், ஆறு எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கீத் மிச்செல் மனைவிக்கு மனைவி பருத்துக்கொண்டே போவார். எம்மி விருது கொடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஹென்றியை 1541இல் அயர்லாந்துக்கும் அரசராக அறிவித்தார்கள். மனிதர் அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. 'தி டியூடர்ஸ்' படப்பிடிப்பு நடந்ததோ அயர்லாந்தில்!

*ஹென்றியாக யார் நடித்தாலும் காலை அகட்டி, கையை இடுப்பில் வைத்து நிற்கிறார்களே, ஏன்? – ஒரு வாசகி, திண்டுக்கல்*

ஹோல்பைன் என்ற ஓவியர் 1537இல் ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் அவரை அப்படி நிறுத்தினார். சுவர் 1698 தீ விபத்தில் போய்விட்டது. பிரதிகள் தப்பித்தன, நிற்கும் தோரணையும் தப்பித்தது. நமக்குக் கட்டபொம்மன் என்றால் சிவாஜி முகம் வருகிறதல்லவா, அந்தக் கதைதான். பள்ளி ஆண்டுவிழாவில் நானும் வாடகை உடையில் கட்டபொம்மனாக நின்றவன். மீசை பாதியில் கழன்று விழுந்தது. சிவாஜி மாதிரி உறுமித்தான் சமாளித்தேன்.

*சரித்திரத் தொடர்களில் நீங்கள் பார்த்த மிகப் பெரிய புளுகு எது? – ஒரு வாசகர், சேலம்*

சந்தேகமே இல்லை. ஹென்றியின் சகோதரிகள் இருவர். அக்கா மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசருக்குக் கொடுத்தார்கள். தங்கை மேரியைப் பதினெட்டு வயதில் பிரான்ஸின் பன்னிரண்டாம் லூயிக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது 52. 'தி டியூடர்ஸ்' இரண்டு பேரையும் ஒன்றாகப் பிசைந்து, மார்கரெட் என்று பெயர் வைத்து, போர்ச்சுகல் கிழ ராஜாவுக்குக் கட்டிவைத்து, அவள் கையில் ஒரு தலையணையையும் கொடுத்து அவரை மூச்சுத்திணறச் செய்துவிட்டது.

அசல் கதை இதைவிடச் சுவை. லூயி கல்யாணமாகி மூன்று மாதம்கூட முடியாமல், 1515 ஜனவரி 1 அன்று தானாகவே செத்துப்போனார். விதவையை அழைத்துவரப் போனவர் ஹென்றியின் உயிர்த்தோழர் சார்லஸ் பிராண்டன். போன இடத்தில் இருவரும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள்! ஹென்றி குதித்தார், பிறகு பெரிய அபராதம் போட்டு மன்னித்தார். இதில் தலையணைக்கு என்ன வேலை?

அதைவிடக் கொடுமை அக்காவைத் தொலைத்தது. அந்த மார்கரெட்டின் கொள்ளுப்பேரன்தான் 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ். சீரியல்காரர்கள் ஒரு நடிகை சம்பளத்தை மிச்சம் பிடிக்கப்போய், அடுத்து வரவேண்டிய ராஜ வம்சத்தின் கொள்ளுப்பாட்டியையே காலி செய்துவிட்டார்கள்.

*'ஊல்ஃப் ஹால்' பார்த்தேன். ஒரே இருட்டு. டி.வி. பழுதா? – ஒரு வாசகி, கோவை*

மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். 2015இல் வந்தபோது இங்கிலாந்துக்காரர்களும் இதையே சொல்லிப் புலம்பினார்கள். ராத்திரிக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார்கள். ஹென்றி காலத்து அரண்மனையில் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் நண்பனா எதிரியா என்று தெரியாத இருட்டு அந்தக் கதைக்கு வேண்டியதுதான். ஹாலில் டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

*'தி கிரவுன்' தொடரில் ராணியைவிட அவர் கணவருக்குச் சம்பளம் அதிகமாமே? – ஒரு வாசகி, மதுரை*

உண்மை. ராணியாக நடித்த கிளேர் ஃபாயைவிட, பிலிப்பாக நடித்த மேட் ஸ்மித்துக்கு அதிகம் கொடுத்தார்கள் என்று 2018இல் தயாரிப்பாளர்களே சொன்னார்கள். அவர் 'டாக்டர் ஹூ'வில் ஏற்கெனவே பிரபலம் என்பது காரணம். இனி ராணியைவிட யாருக்கும் அதிகம் கிடையாது என்று வாக்கும் கொடுத்தார்கள். அதற்குள் ஃபாய் கிரீடத்தை ஒலிவியா கோல்மனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

*ராணி வேஷம் போட்டவர் யாராவது அரசியலுக்கு வந்திருக்கிறாரா? – ஒரு வாசகர், பெங்களூரு*

கிளெண்டா ஜாக்சன். 1971இல் 'எலிசபெத் ஆர்' தொடரில் முதலாம் எலிசபெத்தாக நடிக்க முன்தலையை மழித்துக்கொண்டவர். 1992இல் லேபர் கட்சி எம்.பி. ஆனார். 'நாடோடி மன்னன்' முதல்வரானதைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

*சீரியலைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டின் பிரதமரே கோபப்பட்டது உண்டா? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்*

உண்டு. சுல்தான் சுலைமானைப் பற்றிய துருக்கித் தொடர் 'முஹ்தெஷெம் யூஸ்யில்' 2011 முதல் 2014 வரை ஓடியது. எந்நேரமும் அந்தப்புரம், சக்களத்திச் சண்டை. அப்போது பிரதமராக இருந்த எர்டோகனுக்கு 2012இல் பொறுமை போய்விட்டது. எங்கள் சுலைமான் முப்பது வருஷம் குதிரை மேல் இருந்தவர் என்று பொரிந்தார்.

அவர் சொன்னதில் பாதி சரி. சுலைமான் 1566இல் செத்ததே ஹங்கேரியில், போர்க்களக் கூடாரத்தில்தான். வயது 71. சேதி தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று மந்திரி சோகொல்லு மெஹ்மெத் வாரக்கணக்கில் மறைத்துவைத்தார். மறு பாதி சீரியல் பக்கம். ஹுர்ரெம் என்ற அடிமைப் பெண்ணை முறைப்படி மணந்து அரண்மனை வழக்கத்தை உடைத்தவரும் இதே சுலைமான்தான்.

*இந்தத் தொடர்களைப் பார்த்தே சரித்திரப் பரீட்சை எழுதிவிடலாமா? – ஒரு மாணவி, நாகர்கோவில்*

தாராளமாக எழுதும்மா. மார்கரெட்டை மட்டும் போர்ச்சுகலுக்கு அனுப்பிவிடாதே. 1503இல் அவள் போனது ஸ்காட்லாந்துக்கு. அப்போது அவளுக்கு வயது 13.