இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்

‘மூடுபனி’ 1980 தீபாவளிக்கு வெளிவந்தது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா, பெரியம்மா, அண்ணன், நான் என்று நாலு பேரும் இரண்டாம் ஆட்டத்துக்குப் போனோம். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்துகொண்டேன்.

கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாற்றுவதற்காக மூன்று முறை விளக்கைப் போடுவார்கள். முறுக்கு, சோடா என்று பையன்கள் கத்திக்கொண்டு வருவார்கள். ஊட்டி பங்களாவில் ஒரு பெண்ணைக் கொலைகாரன் சந்துரு கொண்டுவந்து அடைத்து வைத்திருக்கும் கட்டத்தில் ஒரு தடவை விளக்கு வந்தது. திரை வெறும் வெள்ளைத் துணியாகத் தொங்கியது. எனக்குப் பயம் முற்றியது அந்த ஐந்து நிமிஷத்தில்தான். படம் ஓடும்போது சந்துரு திரைக்குள் இருந்தான். விளக்கு எரியும்போது அவன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பட்டது. அவன் உருட்டி விழிக்கிற வில்லன் இல்லை. மெதுவாகப் பேசுகிறவன், கிட்டார் வாசித்துக்கொண்டு அவ்வளவு இனிமையாகப் பாடுகிறவன். பிரதாப் போத்தன் அவனை அப்படித்தான் நடித்திருந்தார். படத்தில் நடித்த ஷோபா அது வெளியாகும் முன்பே இறந்துவிட்டார் என்று பெரியம்மா என் காதில் சொன்னது பயத்தை இன்னும் கூட்டியது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. மெட்ராஸுக்குப் படிக்கப் போன இடத்தில் காதுக்குள் குரல் கேட்க ஆரம்பித்து, கீழ்ப்பாக்கத்தில் நாலு மாதம் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். காலையில் அவருக்குக் காபி கொண்டுபோவது என் வேலை. டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எனக்கு வகுத்தல் கணக்குப் போட்டுக் காட்டுவார். ஈவு எது, மீதி எது என்று அவர் சொல்லித் தந்த மாதிரி எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்பினோம். பின்கட்டில் விளக்கு எரிந்தது. அவர் நடக்கிற சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் நடுக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன். மறுநாள் காபியை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “பாப்பாவை அனுப்ப வேணாங்க்கா. நானே வந்து வாங்கிக்கறேன்.”

அந்தப் படத்தில் ஒரு மனிதன் ஒரு பெண்ணை அடைத்து வைக்கிறான். அதைப் பார்த்துப் பயந்து வந்த நான், ஒரு மனிதரை அடைத்து வைத்தேன். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று.

ஆனாலும் இந்த மனோதத்துவத் திகில் வகைப் படங்களை நான் விட்டதில்லை. இவற்றை மனதார நேசிக்கிறேன். எந்தத் திசையிலிருந்து கத்தி வரும் என்று காத்திருப்பது அல்ல இவற்றில் என்னைப் பிடித்து இழுப்பது. ஒரு மனதுக்குள் நின்று உலகத்தைப் பார்க்கக் கிடைக்கிற அந்தச் சில நிமிஷங்கள். அம்மாவின் காலத்துப் படம் ‘புதிய பறவை’, 1964. செத்துப்போன மனைவி நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்து நிற்கிறாள். எல்லாரும் ஆமாம் என்கிறார்கள். சிவாஜி ஒருவர் மட்டும் இல்லை, இல்லை என்று கதறுகிறார். தன் நினைவைத் தானே நம்ப முடியாமல் ஒரு மனிதன் கரைவதைப் பார்த்து, நாம் படம் முழுக்க அவன் பக்கம் நிற்கிறோம். கடைசியில்தான் தெரிகிறது, அவனைப் பேச வைப்பதற்காகப் போலீஸ் விரித்த வலை அது என்று. என் மகள் இதை ‘கேஸ்லைட்டிங்’ என்கிறாள். பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ஒரு நாடகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அம்மாவிடம் அந்தச் சொல் இல்லை. “பாவம், அவனைப் படுத்தற பாடு” என்று மட்டும் சொல்வாள்.

1978-இல் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தைப் பின்னால் வீடியோ கேசட்டில் பார்த்தேன். பாரதிராஜா கிராமத்திலிருந்து சட்டென்று பங்களாவுக்குள் நுழைந்த படம். தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு ரோஜாவைத் தலையில் வைக்கவே கை வரவில்லை. இன்று திரும்பப் பார்க்கையில் வேறொன்று உறுத்துகிறது. கமல் நடித்த நாயகன் கொலைகாரனானதற்குக் காரணமாகப் படம் விரல் நீட்டுவது பெண்களை நோக்கி. செத்தவர்களும் பெண்கள், காரணமும் பெண்கள். இளையராஜாவின் இசையும் கமலின் முகமும் அந்த அநியாயத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடும் அளவுக்குத் தேர்ச்சியாக இருக்கின்றன. அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2001 தீபாவளிக்கு ‘ஆளவந்தான்’ வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த கண்ணோடு நான் தியேட்டருக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வருகிற நந்துவைக் கண்டு சுற்றிலும் எல்லாரும் நடுங்கினார்கள். படத்தில் கட்டறுத்து வருகிறவனுக்குப் பயந்தோம். ஊரில் கட்டறுக்க முடியாதவர்கள் வெந்துபோயிருந்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் நந்துவின் தலைக்குள்ளே போயிற்று. வன்முறை கார்ட்டூனாக மாறுகிற இடங்களில், அவனுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே நமக்கும் காட்டியது. அந்தத் துணிச்சலுக்காக நான் அதன் பல குறைகளை மன்னிப்பேன்.

தெருவில் இன்று ‘சைக்கோ’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இல்லாத குரல் கேட்பது, யாரோ துரத்துவதாக நம்புவது, இது சைக்கோசிஸ். மருந்து கேட்கிற நோய். பிறர் வலி மனதில் தைக்காமல் இருப்பது சைக்கோபதி; அப்படிப்பட்டவனுக்கு நிஜம் எது, பொய் எது என்பது நன்றாகத் தெரியும். சினிமா முதலாமவனின் அறிகுறிகளை எடுத்து இரண்டாமவனின் கையில் கத்தியோடு கொடுத்துவிடுகிறது. உண்மையில் மாமா மாதிரியானவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். எங்கள் தெருப் பையன்கள் அவர்மேல் எறிந்த கற்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றையும் திருப்பி எறிந்ததில்லை.

போன மாதம் மகளோடு உட்கார்ந்து ‘ராட்சசன்’ பார்த்தேன், போனில். 2018-இல் தியேட்டரில் உறைந்துபோய்ப் பார்த்த படம். பள்ளிப் பிள்ளைகளின் பயத்தை ராம்குமார் எவ்வளவு பொறுமையாகக் கட்டுகிறார் என்று இப்போதும் வியப்பாக இருந்தது. நோயால் முகம் மாறிப்போன பையனை வகுப்பே கேலி செய்கிற பழைய கதை வந்ததும், மகள் திரையை இரண்டு தட்டு தட்டிப் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளினாள். “இது தெரியும்மா, கொலைகாரனோட ஃபிளாஷ்பேக்” என்றாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளிடம் மாமாவைப் பற்றி அதுவரை சொன்னதே இல்லை. படத்தை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னேன். கொட்டகையில் விளக்கு வந்தபோது கூடின பயம் இங்கே வரவில்லை. அவள் கேட்டாள்: “அவருக்கு உன் மேல கோவமே வரலையா?” எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. அவர் 1996-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த மாதம் ஊரில் வீட்டைப் பழுது பார்க்கிறோம். தச்சர் நடுக்கதவைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைத்தார். எங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை எனக்குத் தெரியும். பின்கட்டுப் பக்கத்தில் இன்னொன்று இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எங்களுடையது துருவேறிக் கிடந்தது. அவருடையது கை பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அம்மாவுக்கு இப்போது எண்பத்து நாலு. கதவைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ராத்திரியானா அவனுக்குப் பயம்டி. யாராவது வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு தானே வாங்கி அடிச்சுக்கிட்டான்.”

“ரெண்டு பக்கமும் எதுக்கும்மா?” என்றார் தச்சர். இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். ஆணித் துளைகளில் மக்கு வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசிவிட்டார். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது துளை இருந்த இடங்கள் இன்னும் தெரிகின்றன, எங்கள் பக்கம் நாலு, அவர் பக்கம் நாலு.