ஒரு சதவீத அன்புக்கு நன்றி

பெறுநர்:
பதிவுத்துறைத் தலைவர் மற்றும் முத்திரைக் கட்டுப்பாட்டாளர் அவர்கள்,
மகாராஷ்டிர அரசு, புணே.

மதிப்புக்குரிய ஐயா,

நவி மும்பை ஐரோலியில் ஒரு பழைய ஒன் பிஎச்கே பிளாட்டை 80 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். தாராவியில் என் தகப்பனார் வீடு வாங்கிய காலத்தில் ஒரு ஸ்டாம்ப் பேப்பர், ரெண்டு சாட்சி, ஆளுக்கொரு சாயாவோடு வேலை முடிந்தது. கழிமுகத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் நாங்களும் பெரிய மனுஷர்களாகிவிட்டோம். ரெடி ரெக்னர், சலான், இண்டெக்ஸ் டூ என்று சோற்றுத் தட்டின் முன்னாலும் உங்கள் பேச்சுத்தான். அதற்கு முதல் நன்றி.

இரண்டாவது நன்றி என் மனைவி சார்பில். வீட்டைப் பெண் பெயரில் வாங்கினால் முத்திரைக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி என்று 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எங்கள் ஊரில் ஆணுக்கு 7 சதவீதம், பெண்ணுக்கு 6. எங்கள் கணக்கில் 80,000 ரூபாய் மிச்சம்.

“வீட்டை உன் பேரிலேயே வாங்கிடலாம்னு இருக்கேன்” என்று அவளிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “எவ்வளவு மிச்சமாகுது?” என்று கேட்டாள். உங்கள் திட்டத்தை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட குடிமகள் மாநிலத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

என் பெயரை ஓர் ஓரமாகச் சேர்த்தாலும் சலுகை போய்விடுமாம். நியாயம்தான். ஆனால் வங்கிக்காரருக்கு என் சம்பளச் சீட்டு வேண்டும், கையெழுத்து வேண்டும், மாதாமாதம் என் கணக்கிலிருந்து தவணை வேண்டும். வருமான வரித்துறையோ, வீடு உன் பெயரில் இல்லையே, அப்புறம் வட்டிக்கு எப்படிக் கழிவு கேட்பாய் என்கிறது. பழைய வரி முறையில் இருக்கும் என் போன்றவனுக்கு அந்தக் கழிவு வருஷத்துக்கு இரண்டு லட்சம் வரை. ஆக, புணேயில் ஒரு தடவை கிடைப்பதை டெல்லியில் வருஷா வருஷம் திருப்பிக் கொடுக்கலாம். மத்திய, மாநில அரசுகளுக்கு ஒத்துழைப்பே இல்லை என்று சொல்கிறவர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

சலுகை வந்த புதிதில் இன்னொரு அழகும் இருந்தது. அப்படி வாங்கிய வீட்டை 15 வருஷத்துக்கு ஓர் ஆணுக்கு விற்கக் கூடாது. பெண்ணுக்குச் சொத்துரிமை, ஆனால் வாங்க வருகிறவர் மீசை வைத்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் விற்க வேண்டும். 2023இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது என் மனைவி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மெட்ரோ செஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 7 சதவீதத்துக்குள் ஒரு சதவீதம் மெட்ரோவுக்கு. கொரோனா காலத்தில் இரண்டு வருஷம் நிறுத்திவைத்து, 2022 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தீர்கள். நவி மும்பையில் மெட்ரோ ஓடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 நவம்பர் 17 முதல் பேலாப்பூரிலிருந்து பேந்தர் வரை 11 ஸ்டேஷன்களோடு ஓடுகிறது. அதில் ஐரோலி இல்லை. எங்களுக்கு இருப்பது டிரான்ஸ்ஹார்பர் லோக்கல். காலையில் தாணே வண்டியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் ஆண்டவன் கையில். ஆக, மனைவி பெயரில் வாங்கி மிச்சம் பிடித்த அதே 80,000, எங்கள் பக்கம் வராத ரயிலுக்கு டிக்கெட்டாகிவிட்டது. இவ்வளவு கொடுத்து டிக்கெட் எடுத்தவனுக்கு ஜன்னல் ஓர சீட்டாவது உண்டா என்று தெரிவித்தால் நலம்.

விலையைக் குறைத்துப் பேசினால் கட்டணமும் குறையுமே என்று மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தப்பா யோசனை சொன்னார். பாவம், பழைய காலத்து மனுஷர். பேசிய விலை, ரெடி ரெக்னர் என்ற அரசு மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் என்று விளக்கினேன். பேசிய விலை அரசு மதிப்பைவிட ரொம்பக் கீழே போனால், அந்த வித்தியாசமே வாங்குகிறவனின் வருமானம் என்று வரி போடுவார்கள் என்றும் சொன்னேன். “பேரம் பேசுறதுக்கு வரியா!” என்று சித்தப்பா வாயடைத்துப் போனார். ஆனால் ஏஜெண்டின் முதல் கேள்வி, “ஒயிட் எவ்வளவு சார்?” என்பதுதான். ரெடி ரெக்னருக்கு மேலே போகும் தொகை எந்த நிறத்தில் போகிறது என்பது உங்களைத் தவிர இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரொக்கத்தில் 20,000மோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்ற சட்டமும் எல்லோருக்கும் தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து அத்தான் போன் செய்து, “இங்க முத்திரை 7, பதிவு 2, மொத்தம் 9. உனக்குப் பதிவுக் கட்டணம் முப்பதாயிரத்தோட நின்னுபோச்சே, குடுத்து வச்சவன்” என்றார். அங்கேயும் 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் ஒரு சதவீதம் குறைவு, சொத்து 10 லட்சத்துக்குள் இருந்தால். 10 லட்சத்துக்கு ஐரோலியில் கார் நிறுத்தும் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பரில் அபய யோஜனா என்று ஒன்று கொண்டுவந்தீர்கள். 1980 முதல் 2000 வரை எழுதிய பத்திரங்களுக்குக் கட்டாமல் விட்ட கட்டணம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால், முதல் கட்டத்தில் வந்தவர்களுக்கு அசலும் அபராதமும் முழுத் தள்ளுபடி. அந்தக் காலத்தில் வரிசையில் நின்று ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ரசீது மட்டும் மிச்சம். எங்கள் சொசைட்டியிலேயே இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். பொதுக்குழுக் கூட்டத்தில் கட்டாதவர்தான் சத்தமாகப் பேசுகிறார்.

அதனால், மகளிர் சலுகை, மெட்ரோ செஸ் எதையும் நீங்கள் மாற்ற வேண்டாம். அடுத்த அபய யோஜனா எந்த வருஷம் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்தால் போதும். வீட்டை விற்கிறவரிடம் அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். டோக்கன் பணம் திருப்பித் தர மாட்டாராம்.

இப்படிக்கு,
மனைவியின் வீட்டில் குடியிருக்கப்போகும்
ஓர் ஐரோலிவாசி