கிராங்க் மாற்ற அனுமதி கோரி

அனுப்புநர்:
சைக்கிள் ஓட்டுபவன்,
மதுரை.

பெறுநர்:
சைக்கிள் பாகங்களுக்கு அளவு வகுத்தருளும் பெரியோர்கள்,
ஜப்பான், அமெரிக்கா, இத்தாலி மற்றும் இதர நாடுகள்.

பொருள்: தேய்ந்த பல்சக்கரம் ஒன்றை மாற்றுவது – பாகப் பொருத்தம் பார்ப்பது – ஜாதகப் பொருத்தத்தைவிடக் கடினமாக இருப்பது – தொடர்பாக.

பார்வை: 1. ஐ.எஸ்.ஓ. 6695, சதுர முனை அச்சு. 2. ஜப்பான் தரத்துச் சதுர முனை அச்சு. (இரண்டும் ஒன்றல்ல.)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என்னிடம் எட்டு வருடமாக ஒரு கியர் சைக்கிள் இருக்கிறது. பின்னால் எட்டுப் பல்சக்கரம், முன்னால் மூன்று: 48 பல், 38 பல், 28 பல். இதில் நான் ஓட்டுவதெல்லாம் நடுச்சக்கரத்தில்தான். பெரியதைப் போட்டால் மூச்சு வாங்கும், சின்னதைப் போட்டால் நடந்துபோகிறவர்கள் முந்திவிடுவார்கள். போன மாதம் ஒரு மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன். செயின் 'டக்'கென்று ஒரு பல் தாண்டியது. முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடித்தது.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் குனிந்து பார்த்தார். "தம்பி, பல்லெல்லாம் சேவக் கொண்டையாட்டம் சாஞ்சுபோச்சு. இனிமே செயின் நிக்காது."

"நடுச்சக்கரத்த மட்டும் மாத்திருவமாண்ணே?"

அவர் பதில் சொல்லாமல் சக்கரத்தின் பின்பக்கத்தை நகத்தால் தட்டிக் காட்டினார். போல்ட் இல்லை, ரிவிட். மூன்று சக்கரத்தையும் பெடல் மாட்டும் கிராங்கோடு சேர்த்து அடித்துவைத்திருக்கிறீர்கள். 38 பல் தேய்ந்த குற்றத்துக்கு, ஒரு பாவமும் அறியாத 76 பல்லும் கூடவே போக வேண்டும். சொத்தைப் பல்லோடு போனவனின் தாடையையே கழற்றும் பல் டாக்டர் உலகத்தில் இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சரி, முழு கிராங்க்செட்டே வாங்கிவிடுவோம் என்று இணையத்தில் தேடினேன். 'எட்டு ஸ்பீடுக்குப் பொருந்தும்' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். எட்டுக்கு எட்டு, இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? பெட்டியைப் பிரித்தால், கிராங்கின் நடுவில் வட்ட ஓட்டை, அதைச் சுற்றி எட்டு வரிப்பள்ளம். என் சைக்கிளின் அச்சு முனையோ சதுரம். 'பொருந்தும்' என்று எழுதியவர் செயினை நினைத்து எழுதியிருக்கிறார். அச்சைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. இந்த எட்டு வரியிலும் ஆழமானது, ஆழமில்லாதது என்று இரண்டு வகை உண்டாம், ஒன்று மற்றதில் ஏறாதாம். ஐசிஸ் என்ற இன்னொரு வகைக்குப் பத்து வரியாம். திருப்பி அனுப்பும் நேரத்தில் கற்றுக்கொண்டது.

சதுரத்துக்கு வருகிறேன். சதுரம் என்றால் நாலு பக்கமும் சமம், அதில் என்ன தகராறு வந்துவிடும் என்று நினைக்கிறவன் உங்களை அறியாதவன். ஐ.எஸ்.ஓ. சதுரம், ஜப்பான் சதுரம் என்று இரண்டு குலம். இரண்டுக்கும் ஒரே 2 டிகிரி சரிவு. ஆனால் ஜப்பான் அச்சின் நுனி கொஞ்சம் தடிமன். ஐ.எஸ்.ஓ. கிராங்கை அதில் ஏற்றினால் முழுக்க ஏறாமல், ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். மாற்றிப் போட்டால் அதே அளவு உள்ளே போய்விடும். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டாவதாக வாங்கியது சதுரம்தான், குலமும் சரிதான். அதன் பெட்டியில் '113 மி.மீ. அச்சுக்கு' என்று இருந்தது. என் அச்சு எத்தனை? அதை அச்சுக் கட்டின் உடம்பில் அச்சடித்திருக்கிறீர்கள். உடம்பு ஃபிரேமின் பாட்டம் பிராக்கெட் (பி.பி.) கூட்டுக்குள் இருக்கிறது. அளவைப் பார்க்கக் கழற்ற வேண்டும், கழற்றலாமா என்று முடிவுசெய்ய அளவு வேண்டும். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு எங்கள் வீட்டில் பெயர் மறதி. உங்கள் ஊரில் பொறியியல்.

கிராங்கைக் கழற்ற 22 மி.மீ. மரை போட்ட ஒரு புல்லர் தேவை. அதை ஒரு சுற்று குறைவாக ஏற்றிவிட்டு நெம்பினால் அலுமினிய மரை மாவாக உதிர்ந்துவிடும். எனக்கு உதிரவில்லை. அந்தப் பெருமையோடு பி.பி. கப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். இடப்பக்கம் சுலபமாக வந்தது. வலப்பக்கம் அசையவில்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, மைத்துனரைச் சைக்கிள் மேல் உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் தொங்கினோம். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணன் பார்த்தார். "இத்தன நேரமும் முடுக்கிட்டு இருந்திருக்கீங்க தம்பி. வலப்பக்கம் உல்டா மரை." இரண்டு தட்டு, ஒரு திருகல். வந்துவிட்டது. நாற்பது வருடமாகக் கியர் இல்லாத கறுப்பு சைக்கிளுக்கு ஓவராயில் பார்த்த கை. அதிலும் வலது கப் இடது மரைதான், அங்குலத்துக்கு 24 புரி. இங்கிலாந்திலிருந்து வந்த அந்த அளவு அம்பத்தூரிலும் லூதியானாவிலும் கோடிக்கணக்கான சைக்கிளில் ஏறி, என் கியர் சைக்கிளிலும் அப்படியே இருக்கிறது. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த உல்டா. இத்தாலிக்காரர்கள் மட்டும் இரண்டு பக்கமும் வலது மரையே போட்டார்கள். அது கழன்றுகொண்டும் இருந்தது. பாரம்பரியம் என்று பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள்.

வெளியே வந்த உடம்பில் இருந்த எண் 122.5. புது கிராங்குக்கு 113. கூடுதல் 9.5 மி.மீ. ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 4.75. இதெல்லாம் ஒரு கணக்கா என்று அப்படியே மாட்டிப் பார்த்தேன். மூன்று சக்கரமும் வெளியே தள்ளி நின்றன, செயின் கோணலாக ஓடியது, செயினைத் தள்ளிவிடும் முன் டெரெய்லர் கையை முழுக்க நீட்டியும் பெரிய சக்கரத்தைத் தொட முடியவில்லை, எட்டாத அலமாரிக்கு எம்புகிற குழந்தை மாதிரி. ஆகவே புது அச்சுக் கட்டு. புதுச் சக்கரத்தில் பழைய, நீண்டுபோன செயினைப் போட்டால் புதுப் பல்லையும் தின்றுவிடும் என்றார் அண்ணன். ஆகவே புதுச் செயின். புதுச் செயின் பின்னால் தேய்ந்த பற்களில் உட்காராமல் துள்ளியது. ஆகவே புது கேசட். (கேசட் என்றால் பாட்டுக் கேட்பது என்று நினைக்கும் தலைமுறை நான். இதில் வந்ததும் ஒருவித சத்தம்தான்.) கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை, பூனைக்குப் பாலூட்டப் பசு, பசுவை மேய்க்க ஆள் என்று கடைசியில் சம்சாரியாகிவிட்ட சாமியார் கதை எங்கள் ஊரில் உண்டு. அந்தச் சாமியாருக்கு ஒரு குடும்பமாவது மிஞ்சியது.

என்னுடையது ஏழையின் சைக்கிள். கடை அண்ணன் மகனின் கார்பன் சைக்கிளைப் பார்த்த பிறகு என் குறை சின்னதாகிவிட்டது. அதில் மரையே கிடையாது, பேரிங்கை அப்படியே அழுத்தி ஏற்றுகிறார்கள். கூட்டின் உள்விட்டம் 41 ஒருவருக்கு, 42 ஒருவருக்கு, 46 இன்னொருவருக்கு. அச்சு 24 மி.மீ. உண்டு, 30 உண்டு. 30 போட்டால் 41 கூட்டில் பேரிங் குண்டுக்குப் போதிய இடமில்லை என்று தெரிந்ததும் 2018-இல் ஸ்ராம் நிறுவனம் நடுவில் ஒன்று கண்டுபிடித்தது: 28.99 மி.மீ. ஆம், 29 அல்ல. செருப்புக் கடையில் விலைதான் இப்படிப் பார்த்திருக்கிறோம். அச்சுக்கும் ஆடித் தள்ளுபடி போட்டது உங்கள் காலத்தில்தான். அழுத்தி ஏற்றிய பேரிங்குகள் பல மிதிக்கு மிதி கிறீச்சிட்டதால், 2015-இல் 47 மி.மீ. என்று மறுபடி மரைக்கே திரும்பி வந்தார்கள் சிலர். வழிதவறி வீடு திரும்பிய அவர்களை வரவேற்கிறேன். ஆனால் திரும்பி வந்ததும் பழைய வீட்டுக்கு அல்ல, புது அளவுக்கு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கறுப்பு சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிணைக்கக் காட்டர் பின் இருந்தது. அதிலும் 9, 9.5 என்று இரண்டு அளவு. ஆனால் அண்ணன் 9.5-ஐ அரத்தில் வைத்து நாலு ராவு ராவி, சுத்தியலால் இரண்டு போடுவார், கிராங்க் உட்கார்ந்துவிடும். பொருந்தாததைப் பொருத்துகிற அதிகாரம் அவர் கையில் இருந்தது. 28.99-ஐ அரத்தால் ராவ முடியாது.

உங்களால் அசைக்க முடியாத அளவு ஒன்றே ஒன்று: செயினின் கண்ணுக்குக் கண் தூரம், அரை அங்குலம். கறுப்பு சைக்கிளுக்கும் அதே, பன்னிரண்டு ஸ்பீடு பந்தய சைக்கிளுக்கும் அதே. 1970-களில் ஷிமானோ நிறுவனம் 10 மி.மீ. என்று ஒன்றை நீட்டிப் பார்த்தது, உலகம் சீந்தவில்லை. தூரத்தில் தோற்றவர்கள் அகலத்தில் பழிவாங்கினார்கள். எட்டு ஸ்பீடு செயின் சுமார் 7 மி.மீ. அகலம், பன்னிரண்டுக்கு ஐந்தேகால்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம். ஐந்தாறு தேறினாலே பந்தக்கால் நட்டுவிடுவோம். மீதியை அந்தப் பெண் சமாளித்துக்கொள்வாள் என்று ஒரு நம்பிக்கை. கிராங்கிடம் அந்தச் சமாளிப்பு எடுபடாது. ஓட்டை, நீளம், மரை, செயின் கோடு, பல்சக்கரத்தின் போல்ட் வட்டம், டெரெய்லர் தாங்கும் பல் வித்தியாசம் எல்லாம் சேர வேண்டும். ஒன்று தட்டினாலும் வழியில் கழன்று கையில் வந்துவிடும்.

ஆகவே ஐயா, அம்மா, உலகத்துக்கே ஒரே அளவு வேண்டும் என்று கேட்கவில்லை. அது பேராசை. எந்தக் குலத்து அச்சு, எத்தனை மி.மீ. நீளம், எத்தனை ஸ்பீடு செயின் என்ற மூன்றையும், கழற்றாமலே படிக்கும்படி, கிராங்கின் வெளிப்பக்கத்தில் பொறித்துத் தாருங்கள். இப்போது அந்த இடத்தில் உங்கள் கம்பெனிப் பெயரைத்தான் ஒரு சாண் நீளத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அதில் கால் பங்கு போதும். கூடவே, தேயப்போகிற சக்கரத்தை ரிவிட் அடிக்காமல் போல்ட் போட்டுத் தாருங்கள்.

தங்கள் பதில் வரும்வரை காத்திருக்க வழியில்லாததால், கடை அண்ணன் என் ஃபிரேமின் அடியில் வெள்ளை பெயின்டால் தானே எழுதிவிட்டார்: 'சதுரம் 113. கூட்டு அகலம் 68. 8 ஸ்பீடு. வலப்பக்கம் உல்டா.'

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சைக்கிள் ஓட்டுபவன்.

இணைப்பு: கழற்றிய கிராங்க்செட் – 1 (76 நல்ல பற்களுடன்).