மூன்றாம் மாடியில் எனக்கு எவ்வளவு மண்?

கேள்வி: மூன்றாம் மாடியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். "மண்ணுல உனக்கு என்ன இருக்கு?" என்று மாமியார் கேட்கிறார். என்ன சொல்ல? (வாசகி, தாம்பரம்)

பதில்: வங்கி மேலாளர்கூட இவ்வளவு கச்சிதமாகக் கேட்டிருக்க மாட்டார்! மண் உண்டு, வேலி போட்டுக் காட்டத்தான் முடியாது. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று இருக்கும், புரோக்கர்கள் யுடிஎஸ் என்பார்கள். இரண்டு கிரவுண்டு மனையில், அதாவது 4,800 சதுர அடியில், ஒரே அளவாக எட்டு வீடு என்றால் ஆளுக்கு 600. அந்த 600 எந்த மூலையில் என்று யாராலும் சொல்ல முடியாது. வேப்பமரத்தடியில் கொஞ்சம், சம்ப்புக்கு அடியில் கொஞ்சம்.

கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு இறங்கும். ஏறுவது இந்த மண்ணின் விலைதான். ஆகவே டைல்ஸைத் தட்டிப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். எட்டுப் பத்திரங்களையும் கூட்டினால் 4,800 வர வேண்டும். குறைந்தால், மிச்சம் பில்டர் பெயரிலோ பழைய மனைக்காரர் பெயரிலோ தங்கியிருக்கிறது என்று அர்த்தம். கட்டடத்தை இடிக்கும் நாளில் அவர் பங்கு கேட்டு வந்து நிற்பார். இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் இருக்கிறேன். லிஃப்டுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: அதில் ஏறாவிட்டாலும் நீங்கள் அதன் பங்குதாரர். வீட்டை விற்கும்போது 'லிஃப்ட் வசதி உண்டு' என்றுதானே விளம்பரம் கொடுப்பீர்கள்?

கேள்வி: மேல்மாடிக்காரர் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார். பில்டரே தனக்கு விற்றதாகச் சொல்கிறார். (வாசகி, கோவை)

பதில்: ரெரா எனப்படும் 2016 மனைவணிகச் சட்டம் மொட்டை மாடியையும் திறந்தவெளி பார்க்கிங்கையும் பொதுப் பகுதி என்றே வரையறுக்கிறது. வடாம் காயவைக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. சங்கத்தின் பெயரில் எழுத்தில் சாவி கேளுங்கள்.

கேள்வி: பழைய கட்டடம். இடித்துக் கட்ட எல்லோரும் தயார். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார். (வாசகர், சென்னை)

பதில்: ஒரே ஒருவர் தடுத்துவிடக்கூடிய நிலை முன்பு இருந்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்ககச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். ஆனாலும் சட்டத்தைக் காட்டும் முன் அவர் வீட்டில் போய் உட்காருங்கள். கட்டி முடியும்வரை வாடகை யார் தருவார், புது வீடு எத்தனை சதுர அடி, பில்டர் பாதியில் நிறுத்தினால் என்ன வழி, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். வயதானவர்கள் மறுப்பது பெரும்பாலும் இந்த பயத்தில்தான்.