வாசல் கதவைத் தட்டுங்கள்: கேள்வி - பதில்

தங்கம் வெட்டின நம்ம கோலார் தங்கவயலுக்கு ஒரு கோட்டை வாசல்கூட இல்லையே? (ஆண்டர்சன்பேட்டை வாசகர்)

பொக்கிஷம் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது. மதில் எதற்கு? கோட்டைதான் வேண்டுமென்றால் பங்காருப்பேட்டை தாண்டி பூதிகோட்டைக்குப் போங்கள். ஹைதர் அலி பிறந்த ஊர். ‘பூதி’ என்றால் கன்னடத்தில் சாம்பல். பெயரில் சாம்பல், பிறந்தது நெருப்பு!

பெங்களூர்க் கோட்டை யார் கட்டியது, கெம்பே கவுடாவா, ஹைதரா? (உரிகம் வாசகி)

இருவரும்தான். 1537-இல் கவுடா மண்ணில் எழுப்பினார். 1761-இல் ஹைதர் கல்லில் கட்டத் தொடங்கினார். இன்று டெல்லி வாசலும் கொஞ்சம் மதிலும் மிச்சம். மீதியை ஊர் தின்றுவிட்டது.

கோட்டை வாசல் ஏன் வளைந்து வளைந்து போகிறது? (ராபர்ட்சன்பேட்டை மாணவர்)

யானைக்காக. கதவை முட்ட அது ஓடிவர வேண்டும். திருப்பம் வைத்தால் ஓட்டம் போச்சு. தப்பி வந்தாலும் நெற்றிக்கு நேரே கதவில் இரும்பு முள்.

அப்புறம் பெங்களூர்க் கோட்டை எப்படி விழுந்தது? (அதே மாணவர்)

ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் யானையை நம்பவில்லை, பீரங்கியை நம்பினார். அவருடைய படையினர் வாசலை விட்டுவிட்டுப் பக்கத்து மதிலைப் பிளந்து, 1791 மார்ச் 21 இரவு உள்ளே புகுந்தார்கள். கில்லாதார் (கோட்டைத் தலைவர்) பகதூர் கான் சரணடையவில்லை; போரிட்டு மடிந்தார்.

பெங்களூர்க் கோட்டை வாசல் நிற்க மருமகளைப் பலி கொடுத்தார்களாமே? (சாம்பியன் ரீப் வாசகி)

கட்டக் கட்டத் தெற்கு வாசல் சரிந்ததாம். கவுடாவின் மருமகள் லட்சுமம்மா தன் உயிரைத் தந்தாராம். இது ஊர் சொல்லும் கதை. கோரமங்கலாவில் அவருக்குச் சமாதி உண்டு. சுவர் சரிந்தால் கொத்தனாரைக் கேட்க வேண்டும், மருமகளையா?

தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அந்தக் கோட்டை பற்றி ஒரு வார்த்தை? (பங்காருப்பேட்டை வாசகர்)

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டை கலகம் செய்த சிப்பாய்கள் கையில். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியை மதில்மேல் இருந்த வெள்ளைக்காரர்கள் கயிறு விட்டு இழுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது. அகழி எத்தனை ஆழமானால் என்ன, உள்ளே கயிறு விட ஓர் ஆள் போதும்.

தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறேன். டெல்லி வாசலைப் பார்த்ததே இல்லை! (மாரிக்குப்பம் வாசகர்)

கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரு நாள் லீவு போட்டுப் பகலில் போய்ப் பாருங்கள். பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள்: கோட்டை காத்திருக்கும், மாரிக்குப்பம் வண்டி காத்திருக்காது.