வீவக சமையலறையில் எஞ்சின் பேரிங் மாற்றல்: ஓர் ஆய்வு

தேய்ந்த எஞ்சின் பேரிங்கை மாற்றத் தகுந்த இடம் பட்டறை என்பது சிங்கப்பூரில் யாரும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கொள்கை. அந்த இடம் சமையலறையே என்பது இக்கட்டுரையின் துணிபு. முதற்சான்று பொருளியல். மோட்டார்சைக்கிளுக்கான சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியைவிட அதை வைத்திருக்கும் உரிமை விலையேறிய ஊரில், பழைய எஞ்சினின் உறுமலைக் கேட்டுப் புது வண்டிக்குப் போவது ஊதாரித்தனம். அடுக்குமாடி நிறுத்துமிடத்திலோ வண்டியைப் பிரித்துப் போட வழியில்லை. ஆகவே எஞ்சின் மின்தூக்கியில் ஏறுகிறது.

தலையாய சான்று இயற்பியல். 6204 எண் பேரிங்கின் வெளிவிட்டம் 47 மி.மீ. அது உட்காரும் அலுமினிய உறையை ஓவனில் 100 பாகை வரை சுட்டால், துளை ஏறத்தாழ 0.08 மி.மீ. விரியும். பேரிங்கை ஓரிரவு உறைபெட்டியில் வைத்தால் 0.03 மி.மீ. சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு தலைமுடியின் பருமன். இறுக்கத்துக்கு வைத்த அளவு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. உறை சூடேறியதா என்றறிய, தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல் ஒரு சொட்டு நீர் போதும். சொட்டு சுறுசுறுவென்று சுண்டியதும் பேரிங்கை நேராக வைத்தால், சுத்தியல் தொடாமலே 'டொக்' என்று இறங்கும். தயங்கி நின்றால் இரண்டின் வெப்பமும் ஒன்றாகிவிடும். பாதி வழியில் சிக்கிய பேரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அற்றேல், கருவி வேண்டாமோ? சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் 2017 ஜூலை 10இல் மூடப்பட்டதே எனின், பாதியில் சிக்கியதற்குப் பழைய பேரிங்கே கருவி. புதியதன் மேல் அதை வைத்துத் தட்டினால் அடி வெளிவளையத்தில் சமமாக விழும். உள்வளையத்தில் தட்டுவோர் குண்டுகள் வழியே அடியைக் கடத்தி, ஓடுதடத்தில் பள்ளம் விழச் செய்கிறார்கள். புது பேரிங் முதல் நாளே கிழடாகும். மறுபக்கம் திறப்பில்லாத துளையில் சிக்கிய பேரிங்குக்கோ கிரீஸை அடைத்து, நடுத்துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் கம்பியால் அடிக்க வேண்டும். அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கலின் விதிப்படி அது பின்னாலிருந்து தள்ளப்பட்டு வெளியேறும். கிரீஸுக்குப் பதில் ஊறிய ரொட்டியும் உதவும். பரோட்டாவைச் சோதிக்கலாமா என்பாருக்கு, தேக்காவில் இருந்துகொண்டு அப்படி ஒரு கேள்வி கேட்கலாகாது என்பதே விடை.

உறைபெட்டியில் மீன் இருக்கிறதே என்பது வீட்டிலிருந்தே எழும் மறுப்பு; வலுவானதும்கூட. பேரிங்கை இரண்டு பையில் இறுகக் கட்டி வைத்தால் மீனுக்கு நாற்றமில்லை, பேரிங்குக்குத் துருவில்லை. உறையை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவாமல் ஓவனுக்குள் வைப்பவருக்கு மட்டும் இந்த ஆய்வு பொறுப்பேற்காது. கிராங்கைப் பிரித்து கனெக்டிங் ராடின் பேரிங்கை மாற்றும் வேலையும் இதில் அடங்காது. அதற்குப் பல டன் அழுத்தமும் நூல்பிடித்த நேர்மையும் வேண்டும். உபி வட்டாரத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.