'சரி'யும் ஒற்றைப் புள்ளியும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: பொங்கலுக்கு ஊருக்கு வர இயலாது என்று அத்தைக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். "சரி." என்று பதில் வந்தது. அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரு புள்ளிக்கும் பொருள் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கருத்து: நம் இலக்கணிகள் ஒலியை அளந்தவர்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குரல் இன்னும் நீண்டால் நெடிலின் பக்கத்தில் இனக்குறிலை எழுதி, அளபெடை என்றார்கள். ஏகார இடைச்சொல் ஒன்றுக்கே தொல்காப்பியர் ஐந்து பொருள் சொன்னார். நன்னூலார் அதை ஆறாக்கினார். அத்தையின் புள்ளியைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. அவர்கள் அறிந்த புள்ளி மெய்யெழுத்தின் தலையில் உட்காரும். இது காலடியில் கிடக்கிறது.

அயலார் கருத்து: வெற்றெழுத்தில் எது கேலி, எது மெய் என்று தெரியாமல் அமெரிக்காவிலும் தவித்திருக்கிறார்கள். வேடிக்கைக்கு :-) என்று அடையாளமிடலாம் என 1982 செப்டம்பர் 19 அன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் யோசனை சொன்னார். ஆங்கிலத்தார் கத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆகவே எழுத்தில் கத்த வழியில்லை. அதை நேரில் ஈடுகட்டிக்கொள்கிறோம்.

வகைப்பாடு:

அ) சரி: குறியற்றது. பேருந்தில் தொங்கிக்கொண்டே தட்டியது.

ஆ) சரி...: பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இ) *சரி*: இருபுறமும் நட்சத்திரம் வைத்தால் வாட்ஸ்அப் எழுத்தைத் தடிப்பாக்கும். நட்சத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தடிக்காது. நட்சத்திரம் மட்டும் மிஞ்சும், மிரட்டல் போய்விடும்.

ஈ) சரிரிரி: அளபெடையின் கொச்சை வாரிசு. 'ரி'யை விட்டுவிட்டு இகரக் கொக்கியை மட்டும் அடுக்கினால், ஏறி உட்கார மெய் கிடைக்காமல் அது ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

உ) சரி.: கதவைச் சாத்தும் வகை. ஆய்வாளர் அஞ்சுவது இதற்கே.

கள ஆய்வு: தொலைபேசியில் அழைத்தேன். "புள்ளியா? எனக்கு எங்கடா அதெல்லாம் வைக்கத் தெரியும்?" என்றார் அத்தை. அத்தை மகள் குறுக்கிட்டாள்: "அம்மா எதை அடிச்சாலும் கடைசியில ஸ்பேஸை ரெண்டு தட்டு தட்டுவாங்க. போனே புள்ளி வெச்சிடும்."

கருதுகோள் கவிழ்ந்தது. நிம்மதியாக, "அப்போ கோவம் இல்லையே அத்தை?" என்றேன்.

"சரீஇ, போனை வை."

முடிவு: ச ஒன்று, ரீ இரண்டு, இ ஒன்று. ஆக நான்கு மாத்திரை. எழுத்தில் வந்தது இரண்டுதான். மீதி இரண்டும் எந்த விசைப்பலகையிலும் ஏறாதவை.

பரிந்துரை: போகிக்கு முந்தின நாள் ஊருக்குத் தட்கல் டிக்கெட் கிடைக்கிறதா என்று ஆய்வாளர் உடனே பார்க்க வேண்டும்.